உடைத்துப் போட்டதிலிருந்து உயிர்பெற்ற லிபரேட்டர்கள்!

திருமங்கலம் பஸ் ஸ்டாண்டிலோ கப்பலூர் ரிங் ரோட்டிலோ நிற்பவர்களுக்கு, தாழப் பறந்து மதுரை விமான நிலையத்தில் இறங்கும் விமானம் ஓர் அதிசயமே இல்லை. சென்னை பிளைட்டா, துபாய் பிளைட்டா என்று சின்னப்பிள்ளைகள்கூடப் பந்தயம் கட்டுவார்கள். ஆனால், அந்த ஓடுதளம் பிறந்தது பயணிகளுக்காக அல்ல. இரண்டாம் உலகப்போர் நேரத்தில், 1942-ல் பிரிட்டிஷ் விமானப்படை பயன்படுத்திய தளம் அது.

மதுரை மட்டுமல்ல. சூலூர், அரக்கோணம், சோழவரம், கயத்தாறு, உளுந்தூர்பேட்டை என்று தமிழ்நாடு முழுக்கப் போர்க்கால ஓடுதளங்கள் போடப்பட்டன. காரணம், ஜப்பான். 1942 ஏப்ரல் 5-ல் கொழும்பு, அடுத்த நாள் விசாகப்பட்டினம், 9-ம் தேதி திருகோணமலை என வரிசையாகக் குண்டு விழுந்தது. சென்னையிலிருந்து மூட்டைமுடிச்சைக் கட்டிக்கொண்டு மக்கள் தெற்கே கிளம்பினார்கள். ‘எவாக்குவேஷன் காலத்துல வந்தவங்க’ என்ற பேச்சு இன்றும் சில வீடுகளில் உண்டு.

போர் முடிந்தது. ஓடுதளங்கள் மிஞ்சின. விமானங்கள் என்ன ஆயின? அவற்றை ஓட்டியவர்கள் என்ன ஆனார்கள்?

பிகாக்ஸ் வைத்து உடைத்தார்கள்

அந்தப் போரின் பெரிய குண்டுவீச்சு விமானங்களில் ஒன்று அமெரிக்காவின் பி-24 லிபரேட்டர். நான்கு எஞ்சின், 110 அடி இறக்கை, உள்ளே சுமார் பத்துப் பேர். போர் உச்சத்தில் இருந்தபோது ஃபோர்டு நிறுவனத்தின் வில்லோ ரன் தொழிற்சாலையில் மணிக்கு ஒரு விமானம் என்ற வேகத்தில் தயாரானது. மொத்தம் 18,000-க்கும் மேல் கட்டினார்கள்.

இதில் பிரிட்டன் கடனாக வாங்கியவை நிறைய. போர் முடிந்தால் திருப்பித் தர வேண்டும், இல்லையென்றால் அழித்துவிட வேண்டும் என்பது ஒப்பந்தம். இந்தியாவில் இருந்த லிபரேட்டர்களைக் கான்பூர் சக்கேரி தளத்தில் கொண்டுவந்து குவித்தார்கள். கருவிகளை நொறுக்கினார்கள். உடம்பில் பிகாக்ஸால் ஓட்டை போட்டார்கள். ஆயில் இல்லாமல் எஞ்சினை ஓடவிட்டுக் கெடுத்தார்கள். யாரும் இனி இதைப் பறக்கவிட முடியாது என்று உறுதி செய்துகொண்டுதான் கிளம்பினார்கள்.

இந்தியா சுதந்திரம் பெற்றது. புதிய நாட்டின் விமானப்படையிடம் கனரகக் குண்டுவீச்சு விமானம் ஒன்றுகூட இல்லை. வெளிநாட்டில் வாங்கக் காசும் இல்லை. அப்போதுதான் பெங்களூரு எச்.ஏ.எல். ஆட்களிடம் ஒரு கேள்வி வந்தது: “கான்பூரில் கிடப்பதை ஓட வைக்க முடியுமா?”

எச்.ஏ.எல்-லுக்கு இது முழுக்கப் புதிய வேலை அல்ல. 1940 டிசம்பரில் வால்சந்த் ஹிராசந்த் தொடங்கிய அந்தத் தொழிற்சாலை, 1943-லிருந்து அமெரிக்க விமானப்படையின் பழுதுபார்ப்புக் கூடமாக இருந்தது. அமெரிக்க விமானங்களின் திருகும் ஆணியும் அங்கிருந்த தொழிலாளர்களின் கைக்குப் பழக்கமானவை.

ஆனால், விமானங்கள் கிடந்தது கான்பூரில். பட்டறை இருந்தது பெங்களூருவில். லாரியில் ஏற்றிக்கொண்டு போகிற சாமான் இல்லை இது. ஆக, ஒரே ஒரு பயணத்தைத் தாங்குகிற அளவுக்கு ஒட்டுப்போட்டு, அந்த நிலையிலேயே பறந்து வர வேண்டும். அந்த வேலையை ஏற்றவர் எச்.ஏ.எல். சோதனை விமானி ஜம்ஷெட் முன்ஷி. லிபரேட்டர் ஓட்ட முறையான பயிற்சி எடுத்தவர் அல்ல அவர். ஒவ்வொன்றாக 40-க்கும் மேற்பட்ட விமானங்களைப் பெங்களூரு கொண்டுவந்து சேர்த்தார்.

1948 நவம்பர் 2-ல் விமானப்படையின் 5-வது ஸ்குவாட்ரன் இந்த விமானங்களோடு தொடங்கப்பட்டது. சுதந்திர இந்தியாவின் முதல் கனரகக் குண்டுவீச்சுப் படைப்பிரிவு அதுதான். பிறகு 6-வது ஸ்குவாட்ரனும் இதே விமானத்தில் கடலைக் கண்காணித்தது. குப்பை என்று கைவிடப்பட்டவை 1968 வரை, அதாவது இருபது வருடங்கள் பறந்தன.

உலகத்துக்கு இந்தியா கொடுத்த மிச்சம்

இதற்குள் மற்ற நாடுகளில் லிபரேட்டர்களை உருக்கி அலுமினியமாக்கி முடித்திருந்தார்கள். 18,000-க்கும் மேல் செய்ததில் இன்று முழுசாக மிஞ்சியிருப்பவை உலகம் முழுக்கச் சேர்த்தாலும் இருபதைத் தொடாது. அவற்றில் குறைந்தது ஐந்து, கான்பூரில் உடைத்துப் போட்டு, பெங்களூருவில் உயிர்பெற்றவை.

ஒன்று டெல்லி பாலம் விமானப்படை அருங்காட்சியகத்தில் நிற்கிறது. இன்னொன்று கனடாவுக்கும், ஒன்று அமெரிக்காவின் அரிசோனாவில் உள்ள பீமா அருங்காட்சியகத்துக்கும், ஒன்று பிரிட்டன் விமானப்படை அருங்காட்சியகத்துக்கும் போயின. அமெரிக்காவின் காலிங்ஸ் அறக்கட்டளை வாங்கிய விமானம் இன்னும் ஒருபடி மேல். பல வருடப் பழுதுபார்ப்புக்குப் பின் 1989-ல் திரும்பவும் வானத்தில் ஏறியது. ஊர் ஊராகப் பறந்து போய், போரில் லிபரேட்டர் ஓட்டிய முதியவர்களை ஏற்றிக்கொண்டு வலம் வந்தது.

விமானத்தைச் செய்த நாடே அதை அழித்துவிட்டது. காசில்லாத நாடு, வேறு வழியில்லாமல் காப்பாற்றி வைத்தது.

பறக்க விடலாமா, நிறுத்தி வைக்கலாமா?

பழைய விமானத்தைப் பறக்கவிடுவது கேட்க நன்றாக இருக்கிறது. ஆபத்தும் இருக்கிறது. அதே காலிங்ஸ் அறக்கட்டளையின் பி-17 குண்டுவீச்சு விமானம் 2019 அக்டோபர் 2-ல் கனெக்டிகட்டில் விழுந்ததில் ஏழு பேர் இறந்தார்கள். 2022 நவம்பர் 12-ல் டல்லாஸ் விமானக் கண்காட்சியில் ஒரு பி-17 மீது இன்னொரு போர்க்கால விமானம் மோதியதில் ஆறு பேர் இறந்தார்கள். எண்பது வயது இயந்திரத்தில் மனிதர்களை ஏற்ற வேண்டுமா என்ற கேள்வி அதற்குப் பின் பலமாக எழுந்தது.

நிறுத்தி வைத்தும் கௌரவம் செய்யலாம் என்பதற்கு விசாகப்பட்டினம் கடற்கரை சாட்சி. டி.யு-142 என்ற ராட்சத விமானம், சோவியத்தின் டி.யு-95 குண்டுவீச்சு விமானத்திலிருந்து உருவானது. இந்தியக் கடற்படையில் 29 வருடங்கள் இருந்தது. அதில் பெரும்பகுதி காலம் அதன் வீடு, நம் அரக்கோணத்தில் உள்ள ஐ.என்.எஸ். ராஜாளி. 2017 மார்ச் 29-ல் அங்கேயே அதற்கு விடை கொடுத்தார்கள். அதே வருட டிசம்பரில் விசாகப்பட்டினத்தில் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். இன்று பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் நின்று அதன் வயிற்றுக்குள் நுழைந்து பார்க்கிறார்கள்.

குண்டு போட்டவர்களுக்கு மரியாதையா?

இந்த இடத்தில் ஒரு சங்கடம் இருக்கிறது. குண்டுவீச்சு விமானம் சாதாரண மக்களையும் கொன்றிருக்கிறது. அதை ஓட்டியவர்களை எப்படிக் கொண்டாடுவது?

பிரிட்டனே இந்தக் கேள்வியில் பல காலம் தடுமாறியது. அதன் பாம்பர் கமாண்ட் பிரிவில் 55,573 பேர் உயிரிழந்தார்கள். ஜெர்மனியின் டிரெஸ்டன் போன்ற நகரங்கள் எரிந்த நினைவு உறுத்தியதால், அவர்களுக்கென்று பெரிய நினைவிடம் எழுப்பப் பலரும் தயங்கினார்கள். லண்டனில் நினைவிடம் திறக்கப்பட்டது 2012 ஜூன் 28-ல்தான். போர் முடிந்து 67 வருடங்கள்! அதற்குள் அதைப் பார்க்க வேண்டியவர்களில் பெரும்பாலோர் போய்விட்டார்கள். அந்த நினைவிடத்தின் கூரைக்குப் பயன்பட்டது, பெல்ஜியத்தில் விழுந்து கிடந்த ஒரு ஹாலிஃபாக்ஸ் குண்டுவீச்சு விமானத்தின் அலுமினியம். போரின் எல்லாத் தரப்பிலும் குண்டுவீச்சில் இறந்தவர்களை நினைவுகூரும் வாசகமும் அங்கே உண்டு.

போரைக் கொண்டாடாமலே, போருக்குப் போனவர்களை மதிக்க முடியும். வேண்டியது ஒன்றுதான். நடந்ததை மறைக்காமல் சொல்ல வேண்டும். அதைச் சொல்வதற்கு ஆள் இருக்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும்.

பரணில் இருக்கும் அருங்காட்சியகம்

லிபரேட்டருக்கு அடுத்து வந்த கான்பெரா விமானம், இந்திய விமானப்படையில் 1957 முதல் 2007 வரை ஐம்பது வருடங்கள் பறந்தது. கார்கில் சண்டையின்போது 1999 மே 21-ல் படம் எடுக்கப் போன ஒரு கான்பெராவின் வலது எஞ்சினை ஏவுகணை தாக்கியது. ஸ்குவாட்ரன் லீடர் ஏ.பெருமாள் அதை ஒற்றை எஞ்சினிலேயே கொண்டுவந்து ஸ்ரீநகரில் பத்திரமாக இறக்கினார். இந்தப் பெயரை எத்தனை பாடப்புத்தகம் சொல்கிறது?

விமானியின் பெயராவது எங்காவது பதிவாகிவிடுகிறது. ஒரு விமானம் ஏறி இறங்க, தரையில் எஞ்சின் பார்ப்பவர், ரேடியோ பார்ப்பவர், குண்டு ஏற்றுபவர் என்று ஒரு கூட்டமே விடிய விடிய உழைக்கும். திருமங்கலம், பேரையூர், உசிலம்பட்டி பக்கத்துக் கிராமங்களில் படைக்குப் போய்த் திரும்பியவர்கள் பல தெருக்களில் உண்டு. தாத்தா ‘ஏர்ஃபோர்ஸ்ல இருந்தாரு’ என்பது பேரப்பிள்ளைகளுக்குத் தெரியும். எந்த ஸ்குவாட்ரன், எந்த விமானம், எந்த வருடம் என்று கேட்டால் விழிப்பார்கள்.

கேட்டு வைக்க இன்று பெரிய செலவில்லை. கையில் இருக்கும் செல்போன் போதும்.

* தாத்தாவை உட்கார வைத்துப் பேச விடுங்கள். ரெக்கார்டரை ஆன் செய்யுங்கள். ‘போர்ல என்ன செஞ்சீங்க?’ என்று ஆரம்பிக்காதீர்கள். ‘முதல் சம்பளம் எவ்வளவு? மெஸ்ல என்ன சாப்பாடு? லீவுக்கு எப்படி ஊருக்கு வருவீங்க?’ என்று கேளுங்கள். மற்றது தானாக வரும்.

* டிஸ்சார்ஜ் புக், பழைய அடையாள அட்டை, கடிதங்கள் எல்லாவற்றையும் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து இரண்டு இடத்தில் சேமியுங்கள். அசலை யாருக்கும் தூக்கிக் கொடுக்காதீர்கள்.

* குழுவாக எடுத்த போட்டோவில் யார் யார் என்பதை இன்றே எழுதி வையுங்கள். போட்டோவை லேமினேட் செய்ய வேண்டாம்.

* பதக்கத்தைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். அதன் விளிம்பில் பெயரும் எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். தேய்த்தால் அழிந்துபோவது அதுதான்.

* வீட்டில் முன்னாள் படைவீரரோ, அவர் மனைவியோ உதவி தேவைப்படும் நிலையில் இருந்தால், மதுரையில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். போர் முடிந்ததும் பென்ஷன் இல்லாமல் வீட்டுக்கு அனுப்பப்பட்ட இரண்டாம் உலகப்போர் வீரர்களுக்கும், அவர்கள் மனைவிக்கும்கூட அரசு உதவி உண்டு.

டிசம்பர் 7 படைவீரர் கொடிநாள். உண்டியலில் பத்து ரூபாய் போட்டுக் கொடியைச் சட்டையில் குத்திக்கொள்வதோடு பலருக்கு அந்த நாள் முடிந்துவிடும். இந்த முறை கூடவே அரை மணி நேரம் ஒதுக்கலாம். கான்பூரில் உடைத்துப் போட்ட இரும்பைக்கூட மீட்க ஆள் இருந்தார்கள். சொல்லாமலே போய்விட்ட ஒரு மனிதரின் கதையை மீட்க எந்தப் பட்டறையும் இல்லை.