வானத்தில் சுற்றுவது வீண் நேரமல்ல

2024 அக்டோபர் 11 மாலை திருச்சியிலிருந்து சார்ஜாவுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம், ஹைட்ராலிக் கோளாறால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் அங்கேயே வட்டமடித்தது. உள்ளே 140க்கும் மேற்பட்டோர். எங்கள் ஆரணி டீக்கடையில் டிவியைப் பார்த்தவர்கள் எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: “சட்டுபுட்டுன்னு எறக்க வேண்டியதுதானே?”

அந்தக் கேள்விதான் எனக்குப் பயம் தருகிறது. நான் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஹைட்ராலிக் பிரஸ் பராமரிப்பு பார்க்கிறவன். கேஜ் முள் நடுங்கினால் மெஷினை நிறுத்திவிட்டு ஹோஸ், சீல், வால்வு என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். அதற்குள் “எவ்ளோ நேரம் ஆவும்?” என்று மேலிருந்து குரல் வரும். அந்தக் குரலுக்குப் பயந்து மறுபடி ஓட்டிய மெஷினில்தான் கை போகும்.

அன்று பறந்தது போன்ற போயிங் 737இல் இறக்கைக்குப் பின்னால் கீழிறங்கும் ஃபிளாப் பலகைகளையும் ஹைட்ராலிக் அழுத்தமே நகர்த்துகிறது. குறைந்த வேகத்தில் விமானத்தைத் தாங்கிப் பிடிப்பவை அவை. இறங்கும் நேரத்தில் அவை பாதியில் சிக்கினால் விமானி தரையை நோக்கிப் போகக் கூடாது. மேலே ஏறி, ஒருவர் ஓட்ட, இன்னொருவர் கையேட்டைத் திறந்து வரி வரியாகப் படிக்க வேண்டும். ஹைட்ராலிக் போனால் ஃபிளாப்பை மின் மோட்டாரால் இறக்கலாம், ஆனால் அது மெதுவாகத்தான் இறங்கும். இரு பக்கமும் ஏறுமாறாக நின்றிருந்தால் அதையும் செய்யக் கூடாது. இருக்கிற நிலையிலேயே வேகமாக வந்து இறங்க வேண்டியதுதான். வேகம் ஐந்தில் ஒரு பங்கு கூடினால் பிரேக் அடக்க வேண்டிய ஆற்றல் 44 சதவீதம் கூடுகிறது. அதனால் ஓடுபாதை நீளம், காற்றின் திசை, எடை மூன்றையும் வைத்துக் கணக்குப் போட வேண்டும். 737ஆல் எரிபொருளை வானில் கொட்ட முடியாது, எரித்துத்தான் எடையைக் குறைக்க வேண்டும். திருச்சி ஓடுபாதை 2,500 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. அன்று சுற்றியது எடையைக் குறைக்கத்தான். இரவு எட்டேகால் வாக்கில் பத்திரமாக இறங்கினார்கள்.

2020 ஆகஸ்ட் 7 கோழிக்கோடு விமான விபத்தை நினைத்துப் பாருங்கள். மழையில், பின்காற்றோடு வந்த விமானம் ஓடுபாதையில் ஏறக்குறைய பாதி கடந்த பிறகே தரை தொட்டது. மறுபடி மேலேறியிருக்க வேண்டும் என்றது விசாரணை அறிக்கை. 21 பேர் செத்துப்போனார்கள்.

ஆகவே சேனல்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். சுற்றும் விமானத்துக்கு நிமிடக் கணக்குக் காட்டி, பதறும் இசை போடாதீர்கள். உள்ளே இருக்கிறவரின் அம்மா அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். விமான நிறுவனங்களுக்கும் ஒன்று: வளைகுடாவுக்குப் பிழைக்கப் போகும் எங்கள் பிள்ளைகள் பலருக்கு இங்கிலீஷ் அறிவிப்பு புரியாது. ஏன் சுற்றுகிறோம், இன்னும் எவ்வளவு நேரம் ஆகலாம் என்பதைத் தமிழில் சொல்லுங்கள். கால் மணி நேரத்துக்கு ஒருமுறை சொன்னால் போதும்.