நீல நிறமும் நம் வீட்டு இரத்தப் பரிசோதனைத் தாளும்

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் தங்கை ஏழாம் வகுப்பில் படிக்கிறாள். சென்ற ஆண்டு காய்ச்சல் விட்ட பிறகும் சோர்வாகவே இருந்தாள் என்று அம்பத்தூரில் ஓர் இரத்தப் பரிசோதனை நிலையத்திற்கு அழைத்துச் சென்றார்கள். மாலையில் தாள் வந்தது. எல்லாம் சரியாக இருக்க, ஒரு வரியில் மட்டும் நட்சத்திரக் குறி. 'அல்கலைன் பாஸ்படேஸ் 312' என்றும், பக்கத்தில் 'இயல்பு அளவு 40 முதல் 130 வரை' என்றும் அச்சிட்டிருந்தது.

அன்றிலிருந்து அந்த வீட்டில் உறக்கமில்லை. கல்லீரல் கெட்டுவிட்டது என்றார் ஒரு உறவினர். மஞ்சள் காமாலை என்று கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார் பாட்டி. சீட்டுப் பணத்தை எடுத்து ஸ்கேன் பார்த்தார்கள், அதில் ஒன்றுமில்லை. பிறகு பூந்தமல்லியில் ஒரு டாக்டரம்மாவிடம் காட்டியபோது, அவர் தாளைப் பார்ப்பதற்கு முன்பே, "பாப்பாவுக்கு என்ன வயசும்மா?" என்று கேட்டாராம். பன்னிரண்டு என்றதும் சிரித்துவிட்டார். "எலும்பு வளருது. இந்த வயசுல இது இப்படித்தாம்மா இருக்கும். தாள்ல போட்டிருக்கிற அளவு பெரியவங்களுக்கு."

இரண்டு வாரக் கவலைக்கும் ஸ்கேன் செலவுக்கும் காரணம் நோயன்று. ஓர் எண்ணை எப்படிப் படிப்பது என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாததே. எங்களுக்கும் தெரியாது என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம். நாங்கள் பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் படிப்பவர்கள். 'பாஸ்படேஸ் ஒரு நொதி' என்று ஒப்பிக்க எங்களுக்குத் தெரிந்திருந்தது. தோழியின் தாயார் தாளை நீட்டியபோது அந்த ஒப்பித்தல் எதற்கும் உதவவில்லை.

பிறகுதான் சிஸ்டரிடம் கேட்டு, நூலகத்தில் தேடிப் படித்தோம். பாஸ்பேட் சேர்ந்த பொருள்களிலிருந்து பாஸ்பேட்டைப் பிரித்தெடுக்கும் வேலை இந்த நொதியினுடையது. காரத்தன்மையுள்ள சூழலில் நன்கு செயல்படுவதால் இந்தப் பெயர். கல்லீரலிலும் குடலிலும் இருக்கிறது. எலும்பைக் கட்டும் செல்களில் மிகுதியாக இருக்கிறது. எலும்புக்கும் இதற்கும் உள்ள தொடர்பை 1923இல் இங்கிலாந்தில் இராபர்ட் இராபிசன் எடுத்துக்காட்டினார். ஆகவே வளரும் பிள்ளைகளின் இரத்தத்தில் இது பெரியவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு இருப்பது இயல்பு. கர்ப்பிணிகளுக்கும் நஞ்சுக்கொடியிலிருந்து வருவதால் உயரும். அதற்காக எல்லா உயர்வும் இயல்பு என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. ரிக்கெட்ஸ் என்னும் எலும்பு நோயிலும், பித்தநாளம் அடைபடும்போதும் உயரத்தான் செய்யும். எது எது என்று மருத்துவர்தாம் சொல்ல வேண்டும். ஆனால் கேட்க வேண்டிய முதல் கேள்வி வயது என்பதையாவது நாம் அறிந்திருக்கலாமே!

இந்த எண் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனபோது, நம் ஊர்ச் சாலைக்கே திரும்பி வந்து சேர்ந்தோம். பூந்தமல்லி நெடுஞ்சாலையின் மறுகோடியில், சென்ட்ரல் இரயில் நிலையத்திற்கு எதிரே, சென்னை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆவடியிலிருந்தும் அம்பத்தூரிலிருந்தும் மின்சார இரயிலில் போய் இறங்கினால் சாலையைக் கடக்கும் தூரம்தான். அங்கே படித்தவர் எல்லாப்பிரகடா சுப்பாராவ். 1895இல் பீமவரத்தில் பிறந்தவர். மெட்ரிகுலேஷன் தேர்வில் இரண்டு முறை தவறி, மூன்றாம் முறை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து எழுதித் தேறினார். (மாதத் தேர்வில் தவறியதற்கே அழுகிற எங்களுக்கு இது ஆறுதல்.) அறுவைச் சிகிச்சை வகுப்புக்குக் கதர் அங்கி அணிந்து சென்றதால் ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்திற்கு ஆளானார் என்றும், அதனால் எம்.பி.பி.எஸ். பட்டத்திற்குப் பதில் அதற்குக் குறைந்த எல்.எம்.எஸ். பட்டமே கிடைத்தது என்றும் அவர் வரலாற்றை எழுதியவர்கள் கூறுகிறார்கள். சென்னையில் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு கற்பித்துவிட்டு 1922இல் கப்பலேறி அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்குப் போனார். மருத்துவமனையில் இரவு வேலை பார்த்துக்கொண்டே ஹார்வர்டில் படித்தார். மனைவியை இங்கே விட்டுச் சென்றவர் திரும்பி வரவேயில்லை. 1948இல் அங்கேயே காலமானார்.

இந்தத் துயரக் கதையைத்தான் மேடைகளில் சொல்கிறார்கள். நோபல் பரிசு தராமல் வஞ்சித்துவிட்டார்கள் என்று முடிப்பார்கள், கைதட்டல் கிடைக்கும். எங்களுக்கு இதில் உடன்பாடில்லை. அவர் பட்ட துன்பத்தைப் புகழ்ந்துவிட்டு, அவர் செய்த வேலையை மறந்துவிடுவது மரியாதையாகுமா?

அவர் செய்த வேலை என்ன? சைரஸ் ஃபிஸ்க் என்னும் ஹார்வர்டு ஆசிரியருடன் சேர்ந்து, இரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று அளக்க ஒரு நல்ல முறையை உருவாக்கி 1925இல் வெளியிட்டார். அமிலத்தில் அம்மோனியம் மாலிப்டேட் சேர்த்தால் அது பாஸ்பேட்டைப் பற்றிக்கொள்ளும். அதை ஒடுக்கும் பொருள் ஒன்றைச் சேர்த்தால் நீல நிறம் தோன்றும். பாஸ்பேட் கூடினால் நீலமும் கூடும். அளவு தெரிந்த ஒரு கரைசலின் நீலத்தோடு ஒப்பிட்டால் கணக்கு வந்துவிடும். இதற்கு முன்பும் இத்தகைய முறைகள் இருந்தன. இவர்கள் தேர்ந்தெடுத்த ஒடுக்கும் பொருள் நிறத்தை விரைவாகவும் நிலையாகவும் கொண்டுவந்தது. உலகெங்கும் பல பத்தாண்டுகள் ஆய்வகங்கள் ஃபிஸ்க்–சுப்பாராவ் முறை என்று பெயர் சொல்லி இதைக் கையாண்டன. 1930களில் போடான்ஸ்கி என்பவர் அல்கலைன் பாஸ்படேஸை அளந்ததும் இந்த நீலத்தைக் கொண்டுதான்: நொதி எவ்வளவு பாஸ்பேட்டைப் பிரித்துவிடுகிறது என்று பார்த்தார். இன்று வேறு பொருளைப் பயன்படுத்தி மஞ்சள் நிறத்தை இயந்திரம் அளக்கிறது. நட்சத்திரக் குறி போட்ட அந்த எண்ணின் முன்னோர் யார் என்று இப்போது விளங்குகிறதல்லவா?

அடுத்து நடந்ததுதான் எங்களை மிகவும் கவர்ந்தது. தசையை அரைத்து வடித்த நீரில் இதே சோதனையைச் செய்தபோது நிறம் ஒழுங்காக வரவில்லை. சாதாரணக் கரைசலில் சில நிமிடங்களில் நின்றுவிடும் நீலம், தசை நீரில் நேரம் செல்லச் செல்ல ஏறிக்கொண்டே போயிற்று. நாங்களாக இருந்தால் மருந்து கெட்டுப்போயிற்று என்று தொட்டியில் ஊற்றியிருப்போம். இவர்கள் ஊற்றவில்லை. பாஸ்பேட்டைத் தன்னிடம் பிடித்து வைத்திருந்து, அமிலம் பட்டதும் மெல்ல மெல்ல விடுவிக்கிற ஏதோ ஒரு பொருள் தசையில் இருக்க வேண்டும் என்று துணிந்தார்கள். அதுதான் 1927இல் அறிவித்த பாஸ்போகிரியாட்டின். அதே சமயத்தில் இலண்டனில் எகிள்டன் தம்பதியரும் அதைக் கண்டார்கள். தசை வேலை செய்கையில் அது குறைகிறது. ஓய்வில் மீண்டும் நிறைகிறது. தசையின் சுருக்கத்துக்கு லாக்டிக் அமிலமே காரணம் என்ற கொள்கை அப்போது ஓங்கியிருந்தது. தசை ஆராய்ச்சிக்காக ஹில், மெயர்ஹாஃப் இருவருக்கும் 1922ஆம் ஆண்டின் நோபல் பரிசும் கிடைத்திருந்தது. லாக்டிக் அமிலம் உண்டாகாமலே தசை சுருங்கும் என்று 1930இல் டென்மார்க்கின் லுண்ட்ஸ்கார்ட் காட்டியதும் அந்தக் கொள்கை சாய்ந்தது.

1929இல் ஃபிஸ்க்கும் சுப்பாராவும் தசையிலிருந்து ஏ.டி.பி.யையும் பிரித்தெடுத்தார்கள். எங்கள் குறிப்பேட்டில் அதைக் கண்டவர் ஜெர்மனியின் கார்ல் லோமன் என்று இருந்தது. அது பொய்யல்ல, அதே ஆண்டில் அவர் தனியே கண்டு, சற்று முன்னதாகவே வெளியிட்டார். லோமனை அடித்துவிட்டுச் சுப்பாராவை எழுதச் சொல்லவில்லை. பக்கத்தில் எழுதினால் என்ன என்றுதான் கேட்கிறோம். நம் விளையாட்டு விழாவில் நூறு மீட்டர் ஓடுகிற பெண்ணின் காலுக்கு முதல் சில விநாடிகளுக்கான சக்தியை இந்த இரண்டு பொருள்களுந்தாம் தருகின்றன. உடலில் ஒரு நேரத்தில் இருக்கும் ஏ.டி.பி. ஏறக்குறைய 100 கிராமுக்குள்தான்; அதுவே சிதைந்து, மறுபடி உருவாகி, ஒரு நாளில் 40 கிலோ அளவுக்குச் சுழல்கிறது.

இப்போது எங்கள் கருத்துக்கு வருகிறோம். நாம் செய்முறை வகுப்பை, ரெக்கார்டு நோட்டு எழுதும் வகுப்பாக மாற்றிவிட்டோம். சென்ற ஆண்டு அக்காமார் எழுதிய விடையையே படத்துடன் பார்த்து எழுதுகிறோம். விடை முன்கூட்டியே தெரிந்த சோதனையில் நிறம் மாறாவிட்டாலும் 'மாறியது' என்றே எழுதுகிறோம். இந்தப் பழக்கத்தோடு நம்மில் சிலர் நாளை செவிலியராகவும் ஆய்வக நுட்பராகவும் போவார்கள். அவர்கள் தருகிற எண்ணை நம்பி ஒரு தாய் தூங்குவாள், அல்லது தூங்காமலிருப்பாள்.

இதைச் சொன்னபோது எங்கள் பெற்றோர்களே எதிர்த்தார்கள். "நீட் தேர்வுல நிறமா கேக்குறான்? கோச்சிங்குக்கே நேரம் போதல" என்றார் ஓர் அப்பா. தொழிற்பேட்டையில் இரவு ஷிப்ட் முடித்து வந்து மகளை வகுப்பில் விட்டுவிட்டுப் போகிறவர். அவருடைய பேச்சைத் தள்ளிவிட எங்களுக்கு மனமில்லை. அதனால் வாரந்தோறும் கேட்கவில்லை. பருவத்துக்கு இரண்டு சனிக்கிழமை, விடை தெரியாத ஒரு சோதனை, அவரவர் கையால். வணிகவியல் பிரிவுத் தோழியரும் வரட்டும்; இரத்தப் பரிசோதனைத் தாள் அவர்கள் வீட்டுக்கும் வருமே.

செலவும் பெரிதல்ல. உப்புப் பகுப்பாய்வில் மஞ்சள் வீழ்படிவுக்கு வைத்திருக்கிற அதே அம்மோனியம் மாலிப்டேட் புட்டி போதும். ஒடுக்கும் பொருளுக்கு வைட்டமின் சி போதும். சிஸ்டர் அனுமதியுடன் ஒரு சனிக்கிழமை செய்தும் பார்த்தோம். கோலா பானத்தில் பாஸ்பாரிக் அமிலம் சேர்க்கிறார்கள் அல்லவா? அதை நூறு மடங்கு நீர் சேர்த்து, பழுப்பு நிறம் மறைந்த பிறகு சோதித்தோம். அளவு தெரிந்த ஐந்து கரைசல்களை வரிசையாக நிறுத்தி, வெந்நீரில் வைத்துக் காத்திருந்தோம். நீலம் வந்தபோது ஆய்வகத்தில் எழுந்த சத்தத்திற்கு மதர் கீழே இறங்கி வந்துவிட்டார்கள்.

நான்கு குழுவாகச் செய்தோம். மூன்று குழுக்களின் விடை ஓரளவு ஒத்திருந்தது. நான்காம் குழுவுக்கு மட்டும் ஏறக்குறைய இரு மடங்கு வந்தது. அதை மாற்றி எழுத வேண்டாம் என்று சிஸ்டர் சொல்லிவிட்டார்கள். குழாயைச் சரியாகக் கழுவாததுதான் காரணம் என்பது எங்கள் ஊகம். சோப்புத் தூளில் பாஸ்பேட் இருக்கலாம் என்கிறாள் ஒருத்தி. அடுத்த சனிக்கிழமை இடம் கிடைத்தால் அந்தச் சோப்புத் தூளையும் சோதித்துவிடுவோம்.