ஐந்து நிமிஷ தூரத்தில் ஒரு வீடு

கள்ளக்குறிச்சியைச் சுற்றியுள்ள பூமியில் இப்போது கரும்புக்கும் மரவள்ளிக்கும் போட்டியாக விளைந்துகொண்டிருப்பது மனைப்பிரிவுதான். எந்தச் சாலை வழியாக ஊரைவிட்டு வெளியே வந்தாலும், நேற்றுவரை ஏர் ஓடிய நிலத்தில் வெள்ளையடித்த எல்லைக் கற்களும், காற்றில் படபடக்கும் வண்ணக் கொடிகளும், மருத்துவக் கல்லூரி ஐந்தே நிமிடம் என்று சத்தியம் செய்கிற ஒரு பலகையும் கண்ணில் படாமல் இரா. அந்த ஐந்து நிமிஷம் எந்த வேளையில், எந்த வாகனத்தில் ஏறி உட்கார்ந்து அளந்த ஐந்து நிமிஷம் என்பதைப் பலகை சொல்வதில்லை. மனை பார்க்க வருகிறவரும், சொந்தக் கார் உடையவராயின், கேட்பதில்லை. கேட்க வேண்டியவர்கள் வேறு சிலர். மனை வாங்கும் சக்தி இல்லாமல் வாடகைக்கு வீடு தேடி அலைகிற அந்தச் செவிலியர்களும், ஆய்வகப் பணியாளர்களும், ஒப்பந்தக்காரர் வழியே வேலைக்கு வந்த துப்புரவுத் தொழிலாளர்களும் எங்கே குடியிருக்கிறார்கள் என்பது அவரவர் சொந்த விவகாரம் என்று நாம் இதுவரை எண்ணி வந்திருக்கிறோம். அது ஊரின் பொது விவகாரம் என்பதே என் அபிப்பிராயம்.

விழுப்புரத்திலிருந்து பிரிந்து 2019 நவம்பர் 26 அன்று கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. அடுத்த ஆண்டே மருத்துவக் கல்லூரிக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 2022 ஜனவரி 12 அன்று பிரதமர் காணொலி வழியாக ஒரே சமயத்தில் திறந்துவைத்த தமிழ்நாட்டின் 11 கல்லூரிகளில் இதுவும் ஒன்று. ஆண்டுக்கு 150 மாணவர்கள் சேரும் இக்கல்லூரி அமைந்திருப்பது ஊருக்குள் அன்று, சிறுவங்கூரில். இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. மருத்துவக் கல்லூரி என்றால் இருபது ஏக்கருக்குக் குறையாத நிலம் ஒருசேர வேண்டும் என்னும் விதி வெகுகாலம் நடைமுறையில் இருந்தபடியால், அவ்வளவு நிலம் கடைத்தெரு நடுவே கிடைக்காது என்பது யாருக்கும் தெரிந்ததே. சென்னைப் பெரியாஸ்பத்திரி சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு எதிரே நிற்கும் பாக்கியம் அந்தக் காலத்தோடு போயிற்று. புதிய கல்லூரிகள் ஊருக்கு வெளியே போகின்றன. ஜனங்கள்தாம் அவற்றைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது. கட்டடத்துக்கு இடம் தேடியபோது காட்டிய அக்கறையில் ஒரு பங்கையேனும், அதற்குள் வேலை செய்யப்போகிறவர்கள் எங்கிருந்து வந்து எப்படித் திரும்புவார்கள் என்ற யோசனைக்குக் கொடுத்திருக்கலாமே என்பதுதான் என் குறை.

நம்முடைய அரசு மருத்துவமனைகளில் செவிலியர் பணி வழக்கமாகக் காலை, பிற்பகல், இரவு என்று மூன்று முறையாக நடப்பது. கடைத்தெருவும் கச்சேரியும் பள்ளிக்கூடமும் நடக்கிற நேரத்துக்கும் இதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. அதிகாலையில் கிளம்பி வருகிறவருக்குப் பிள்ளையை யாரிடம் விடுவது என்ற கவலை. இருட்டிய பின் டியூட்டி முடித்து வெளியே வருகிறவருக்கு ஷேர் ஆட்டோ நிரம்புமா என்ற கவலை. ஷேர் ஆட்டோக்காரருக்கு ஐந்தாறு பேராவது சேர்ந்தால்தான் கட்டுப்படியாகும். நான்கு பேர் ஏறி உட்கார்ந்து, ஐந்தாவது ஆள் வரட்டும் என்று காத்திருக்கும் அந்தக் கால்மணி நேரத்தில், சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு, கைப்பேசியில் வீட்டுக்குத் தகவல் சொல்லி, கடிகாரத்தை மறுபடியும் பார்க்கிற பெண்களின் முகத்தைப் பார்த்தால், வீட்டுக்கும் வேலைக்கும் இடையே உள்ள தூரத்தைக் கிலோமீட்டரில் அளப்பது எவ்வளவு அர்த்தமற்ற காரியம் என்பது விளங்கும். ஆகவே வீடு தேடுகிறவர் முதலில் விசாரிக்க வேண்டியது வாடகை அன்று, அட்வான்ஸ் அன்று, தண்ணீர்கூட அன்று. இரவில் டியூட்டி முடிந்த பிறகு அந்தத் தெருவுக்குப் போய்ச்சேர என்ன வழி இருக்கிறது, அந்த வழி மழைக்காலத்திலும் இருக்கிறதா என்பதையே விசாரிக்க வேண்டும்.

இந்தக் கண்ணோடு பார்த்தால் இடங்களின் தராதரமே மாறிவிடுகிறது. கள்ளக்குறிச்சி நகருக்குள், ஏமப்பேர் பக்கமோ பேருந்து நிலையத்தைச் சுற்றிய தெருக்களிலோ வீடு கிடைத்தால், அறை சிறிது, வாடகை அதிகம், வீட்டுக்காரர் கேட்கும் முன்பணமும் அதிகம் என்றாலும், அகாலத்தில் இறங்கி நடந்து போகக்கூடிய தூரத்தில் வீடு இருக்கிறது என்கிற ஒரே நன்மை மற்ற அசௌகரியங்களையெல்லாம் ஈடுசெய்துவிடும்; இரவுப்பணி பார்க்கிற, கைக்குழந்தை உள்ள பெண்ணுக்கு நான் சிபாரிசு செய்வது இதைத்தான்.

தியாகதுருகத்தில் வாடகை குறைவு, கோட்டை மலையைப் பார்த்துக்கொண்டு காற்றாட வாழலாம்; சேலம் உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையில் பேருந்துக்கும் பஞ்சமில்லை. ஆனால் நெடுஞ்சாலையில் ஓடுவது வேறு, நெடுஞ்சாலையில் நிற்பது வேறு. தூரப் பேருந்துகள் பல, புறவழிச்சாலையிலேயே பறந்து போய்விடும். இரு சக்கர வாகனத்தில் போகலாமே என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இந்த நெடுஞ்சாலை நான்கு வழியானபோது, ஊர்களைச் சுற்றிப்போகும் புறவழிச்சாலைகளை மட்டும் இருவழியாகவே விட்டுவிட்டார்கள். அந்தத் துண்டுகளில் நடந்த விபத்துகளுக்கு ஒரு தனிச் சரித்திரமே உண்டு. பன்னிரண்டு மணி நேரம் விழித்திருந்து நோயாளியைப் பார்த்துக்கொண்ட கண்ணோடு, விடிந்ததும் அந்தச் சாலையில் ஸ்கூட்டர் ஓட்டிப்போவதை யாருக்கும் யோசனையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மலையடிவாரத்துக் கச்சிராயபாளையம் அழகான இடம். கோமுகி அணையின் குளுமை, நல்ல தண்ணீர், விசாலமான வீடு எல்லாம் உண்டு. ஆயின் அங்கே கூட்டுறவுச் சர்க்கரை ஆலையும் உண்டு. அரவைக் காலம் தொடங்கிவிட்டால், இரு பக்கமும் கரும்பு பிதுங்கி நிற்க, பின்னால் ஒரு சிவப்பு விளக்குக்கூட இல்லாமல் இருட்டில் ஊர்ந்து போகும் டிராக்டர்களுக்குப் பின்னாலேயே பிரயாணம் செய்ய வேண்டும். பகல் டியூட்டிக்காரருக்கு அது சிரமம். இரவு டியூட்டிக்காரருக்கு அபாயம். சின்னசேலத்தின் பெருமை ரயில். சேலம் விருத்தாசலம் பாதையில் அது ஒரு ஸ்டேஷன். வீட்டில் ஒருவருக்கு ஆத்தூரிலோ சேலத்திலோ உத்தியோகம், மற்றொருவருக்குக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் உத்தியோகம் என்று இருக்கும் தம்பதிக்கு அதைவிடப் பொருத்தமான இடமில்லை. அங்கிருந்து கள்ளக்குறிச்சிக்குப் போடத் திட்டமிட்ட 16 கிலோமீட்டர் ரயில் பாதையோ ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டே போன ஒன்று. அதை நம்பி மனை வாங்கினவர்களுக்குப் பொறுமை என்னும் குணம் நன்றாகப் பழகியிருக்கும்.

வேலூரைப் பார்த்து நாம் படித்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. 1900 ஆம் ஆண்டில் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய மருத்துவமனை இன்று அந்நகரின் நடுவே பெரியதொரு ஸ்தாபனமாக நிற்கிறது; அதன் கல்லூரியோ ஊருக்குத் தெற்கே பாகாயத்தில் இருக்கிறது; ரயில் ஸ்டேஷன் பாலாற்றுக்கு அப்பால் காட்பாடியில். மூன்றும் மூன்று திசையில் கிடந்தும் ஜனங்கள் திண்டாடவில்லை என்றால், அதற்குக் காரணம் காட்பாடிக்கும் பாகாயத்துக்கும் இடையே மருத்துவமனை வழியாக ஓடுகிற 1, 2 ஆம் எண் பேருந்துகள். அட்டவணை பார்த்து யாரும் அவற்றுக்காகக் கிளம்புவதில்லை. தெருவுக்கு வந்து நின்றால் வரும். அந்தப் பாதையை ஒட்டி எந்தத் தெருவில் குடியிருந்தாலும் வேலைக்குப் போய்வரலாம் என்றாகிவிட்டபடியால், வீடு தேடுகிறவர்கள் ஐந்து நிமிஷப் பலகைகளை நம்ப வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. கள்ளக்குறிச்சிக்கும் அப்படி ஒரு பாதைதான் வேண்டும். சின்னசேலம் ஸ்டேஷனில் புறப்பட்டு, கள்ளக்குறிச்சிப் பேருந்து நிலையம் வழியாகச் சிறுவங்கூர் வாசலில் முடிகிற ஒரே எண்ணுள்ள பேருந்து, டியூட்டி மாறும் வேளைகளுக்கு அரைமணி முன்னும் பின்னும் தவறாமல் ஓடுமானால், இந்தக் கட்டுரையில் நான் வீடு வீடாக ஏறி இறங்கிச் சொன்ன யோசனைகளில் பாதி வீணாகிவிடும், வீணாகட்டும்.

சர்க்கார் இதில் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்வது அநியாயம். 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்றானது, மாதச் சம்பளத்தில் ஒரு கணிசமான பகுதியைப் பஸ்ஸுக்கே கொடுத்துவந்த துப்புரவுத் தொழிலாளிக்குச் சம்பள உயர்வுக்குச் சமமான உபகாரம். ஆனால் அந்தச் சலுகையோடு ஒரு புதிய நிர்ப்பந்தமும் கூடவே வந்தது: எந்த ஊருக்கு டவுன் பஸ் போகிறதோ அந்த ஊரில்தான் அவள் குடியிருக்க வேண்டும், எந்த வேளையில் அது நின்றுபோகிறதோ அந்த வேளைக்கு மேல் அவளுக்கு இலவசம் என்பது காகிதத்தில் மட்டும். பள்ளிக்கூட மணிக்கும் சந்தை நாளுக்கும் ஏற்பப் போட்ட அட்டவணையில், இரவுப்பணி என்ற ஒன்று உலகத்தில் உண்டு என்பதற்கே அடையாளமில்லை. 2025 ஜூனில் தொடங்கிய புதிய மினி பஸ் திட்டத்தில் வந்திருக்கும் தனியார் வண்டிக்காரர்களும் இரவில் ஆள் குறைந்தால் ஓட்ட மாட்டார்கள். அவர்களுக்கு அது வியாபாரம், கோபித்துக்கொள்ள நியாயமில்லை. ஆள் குறைவாகவே வருகிற அந்தக் கடைசி இரண்டு நடைகளைத்தான் அரசுப் போக்குவரத்துக் கழகம் தன் தலையில் போட்டுக்கொள்ள வேண்டும்.

இது வெறும் சௌகரியத்தைப் பற்றிய பேச்சு அன்று என்பதற்கு 2024 ஜூன் மாதத்தைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை. நகருக்குள்ளேயே இருக்கும் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்தவர்கள் கூட்டங்கூட்டமாக ஆஸ்பத்திரிக்குத் தூக்கிவரப்பட்டார்கள். சேலத்துக்கும், விழுப்புரத்தை அடுத்த முண்டியம்பாக்கத்துக்கும், புதுச்சேரி ஜிப்மருக்கும் அனுப்பப்பட்டவர்கள் பலர். 65 பேருக்கு மேல் மாண்டுபோனார்கள். அப்படிப்பட்ட ஒரு நாளில், டியூட்டியில் இருக்கிறவர்களை மட்டும் வைத்துக்கொண்டு எந்த மருத்துவமனையும் சமாளிக்க முடியாது. வீட்டில் இருப்பவர்களையும் அழைக்க வேண்டும், அழைத்தவர்கள் அரைமணிக்குள் வந்து நிற்க வேண்டும். வாடகை குறைந்த இடமாகத் தேடி ஊழியர்கள் நாலாபுறமும் சிதறிக் குடியிருக்கிற ஊரில் அது நடக்கிற காரியமா? அரசு கொடுக்கும் வீட்டு வாடகைப்படி ஊரின் தரத்தைப் பொறுத்தது. கல்லூரி வந்ததால் வாடகை ஏறிய ஊரில், பழைய தரத்துக்கு உரிய படியை வாங்கிக்கொண்டு பக்கத்திலேயே குடியிருக்கச் சொல்வது, சொல்வதற்கு மட்டுமே எளிது. ஒப்பந்தத் தொழிலாளிக்கு அந்தப் படியும் எதிர்பார்ப்பதற்கில்லை.

இனி மலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்வராயன் மலையில் வாழும் மலையாளி இன மக்கள், மூன்று ஜாகீர்தார்களின் ஆதிக்கத்தின்கீழ் கட்டாய வேலை செய்து கிடந்த காலம் 1976 இல்தான் முடிவுக்கு வந்தது. நாடு சுதந்திரம் அடைந்து ஒரு தலைமுறை கழிந்த பின்பு. 2024 இல் சாராயச் சாவுகளுக்குப் பிறகு சென்னை உயர் நீதிமன்றம் அம்மலை மக்களின் வாழ்க்கை நிலையைத் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டு, சாலையும் ஏனைய அடிப்படை வசதிகளும் எங்கே என்று கேட்க வேண்டி வந்தது. கீழே நாம் ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம் என்று பேசிக்கொண்டிருக்க, வெள்ளிமலைக்கு அப்பாலுள்ள சிற்றூர்க்காரர் முதலில் பஸ் நிற்கும் இடத்துக்கு நடக்க வேண்டும், பிறகு கொண்டை ஊசி வளைவுகளில் இறங்க வேண்டும், கச்சிராயபாளையம் வந்து கள்ளக்குறிச்சி சேர வேண்டும். சாலை எட்டாத ஊரென்றால் நோயாளியைக் கட்டிலிலோ தூளியிலோ வைத்துத் தோளில் சுமக்க வேண்டும்.

மலையில் ஆரம்ப சுகாதார நிலையங்கள் இல்லாமலில்லை. ஆனால் மலையில் வேலை பார்ப்பவர், பிள்ளைகளின் படிப்பை உத்தேசித்துச் சமவெளியில் குடிவைத்திருந்தால், சாயங்காலப் பஸ்ஸோடு மருத்துவமும் மலையைவிட்டு இறங்கிவிடுகிறது. அவர்களைத் திட்டிப் பயனில்லை. டாக்டர்களுக்காவது மலைச் சேவைக்காக மேற்படிப்பில் ஊக்க மதிப்பெண் உண்டு. அந்த மதிப்பெண் டாக்டரை மலைக்கு அழைத்துவரும், அவருடைய குடும்பத்தை அழைத்துவராது. தண்ணீர் வருகிற, கூரை ஒழுகாத குடியிருப்பும், செவிலியர் தனியே இருந்தாலும் இரவில் அச்சமில்லாத சுற்றுச்சுவரும், வாரத்துக்கு ஒருமுறை கீழே போய்வர நிச்சயமான ஒரு வண்டியும் இருந்தால் அங்கே தங்க முன்வருபவர்கள் கிடைப்பார்கள். மலையில் பிறந்து நர்ஸிங் படித்த பெண்களுக்கு அங்குள்ள நிலையங்களில் முதலிடம் கொடுப்பது இன்னும் நல்லது. அவர்களுக்கு வீடு தேடித்தர வேண்டிய சிரமமும் சர்க்காருக்கு இல்லை.

கீழே மருத்துவக் கல்லூரியில் படுத்திருக்கும் மலை நோயாளிக்குத் துணையாக வந்தவர்களை நாம் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. மகளைப் பிரசவத்துக்குச் சேர்த்துவிட்ட தாய், போர்வையும் தூக்குப் பாத்திரமுமாக வராந்தா ஓரத்தில் நாட்களைக் கழிக்கிறாள். மலைக்குப் போகிற கடைசிப் பஸ் போய்விட்டால் அவளுக்கு இந்த ஊரில் முகவரி ஏது? பிரசவம் ஆனவளும் குழந்தையும் பிற்பகலில் டிஸ்சார்ஜ் ஆனார்கள் என்றால், சீட்டு வாங்கி, மருந்து வாங்கி, பேருந்து நிலையம் வந்துசேர்வதற்குள் மலைப் பஸ்ஸின் நேரம் தவறிப்போக எல்லா வாய்ப்பும் உண்டு. மாவட்ட ஆட்சியர் போக்குவரத்துக் கழகத்தாரையும் மருத்துவக் கல்லூரி முதல்வரையும் ஒரு மேஜையில் உட்காரவைத்து, டியூட்டிப் பட்டியலையும் பஸ் அட்டவணையையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்துப் பார்க்கும் நாளில், முதலில் மாற்ற வேண்டிய நடை அந்த மலைப் பஸ். அது பேருந்து நிலையத்துக்குப் பதிலாகச் சிறுவங்கூர் ஆஸ்பத்திரி வாசலிலிருந்து, மருந்தகம் மூடிய பிறகு புறப்படட்டும்.