ஊசிக்கும் காது உண்டு!

சுவருக்குக் காது உண்டுனு பெரியவங்க சொல்வாங்க. ரெக்கார்டு பிளேயர் ஊசிக்கும் உண்டு. இதை நான் லேப்ல கத்துக்கலை. எங்க தாத்தாகிட்ட அசிங்கப்பட்டுக் கத்துக்கிட்டேன்!

தாத்தாவுக்குக் கண் பார்வை மங்கிடுச்சு. சாயங்காலமானா நாகஸ்வர எல்.பி. தட்டுகள்தான் துணை. 'இன்ஜினீயரிங் பேரனாச்சே'னு கெத்து காட்ட, செகண்ட் ஹேண்ட்ல ஒரு ஆம்ப்ளிஃபயரும் இடுப்பு உயர ஸ்பீக்கர் ரெண்டும் வாங்கிட்டு வந்தேன். ஹால்ல இடமில்லை. பிளேயரைத் தூக்கி இடது பக்க ஸ்பீக்கர் தலையிலேயே வெச்சுட்டேன். பார்க்க சூப்பர்!

தட்டைப் போட்டா... தவில் அடி விழும்போதெல்லாம் ஊசி துள்ளுது. சவுண்டைக் கூட்டினா 'ஊஊம்'னு ஊளை. "தட்டு தேஞ்சுபோச்சு போலடா, விடு"னு தாத்தா கேக்கறதையே நிறுத்திட்டார். பழி தட்டு மேல, குற்றவாளி நான்.

மேட்டர் இதுதான். தட்டுல இருக்கற பள்ளத்தோட நெளிவைத்தான் ஊசி படிக்குது. அந்தப் பள்ளம் ஏறக்குறைய ஒரு தலைமுடி அகலம்தான். ஸ்பீக்கரோட அதிர்வு பெட்டி வழியா ஏறி வந்தா, ஊசிக்கு அதுவும் பாட்டுதான். அது ஆம்ப்ளிஃபயர்ல பெருசாகி, ஸ்பீக்கர்ல வந்து, மறுபடி ஊசிக்கே போகும். கல்ச்சுரல்ஸ்ல மைக்கை ஸ்பீக்கர் முன்னாடி நீட்டினா 'கீய்ங்'னு கத்துமே, அதே ஃபீட்பேக்!

உங்க வீட்ல செக் பண்ணணுமா? தட்டைச் சுத்தவிடாம, ஊசியை மட்டும் மெதுவா அதுமேல இறக்குங்க. வால்யூம் குறைவா இருக்கட்டும். பிளேயர் இருக்கற மேஜையை விரலால லேசா தட்டுங்க. ஸ்பீக்கர்ல 'தொம்'னு பலமா கேட்டா, இடத்தை மாத்துங்க.

எங்கே வைக்கறது? ஸ்பீக்கர் மேலயும் வேண்டாம், ஸ்பீக்கர் நிக்கற அதே பலகையிலயும் வேண்டாம். அறை மூலையும் கூடாது, 'பேஸ்' அதிகமா சேர்ற இடம் அது. செங்கல் சுவர்ல பதிச்ச கடப்பா கல் ஷெல்ஃப் இருக்கா? ஜம்முனு பொருந்தும். அடியில ரப்பர் துண்டு கொடுத்தா இன்னும் நல்லது.

பிளேயரைத் தள்ளி வெச்சா ஒயர் எட்டாதேனு பிளேயர் ஒயரை நீட்டிடாதீங்க. சி.டி. பிளேயர் தர்றது சுமார் 2 வோல்ட். ரெக்கார்டு ஊசி தர்றது பெரும்பாலும் 5 மில்லிவோல்ட் அளவுதான். அவ்வளவு சின்ன சிக்னல் நீள ஒயர்ல போனா, கரன்ட் இரைச்சல் ஈஸியா கலந்துடும். அதனால ஆம்ப்ளிஃபயரையும் பிளேயரோட கூட்டிட்டுப் போங்க. ஸ்பீக்கர் ஒயர் நீளமானா பரவாயில்லை, கொஞ்சம் தடிமனா வாங்குங்க. ஆனா ரெண்டையும் ஒட்டி வைக்காதீங்க. டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்துல இருந்தாலும் ஊசி 'ம்ம்ம்'னு முனகும். அப்புறம் ஆம்ப்ளிஃபயர் மேல துணி, புக்கு எதுவும் போடாதீங்க. சூடு வெளியே போகணும்.

நான் இதையெல்லாம் ஒரு ஞாயித்துக்கிழமை செஞ்சு முடிச்சேன். அதே தட்டு, அதே தவில். ஊசி துள்ளலை. தாத்தா விரல் மட்டும் நாற்காலிக் கைப்பிடியில தாளம் போட்டுச்சு. "தட்டு நல்லாத்தாண்டா இருக்கு"ன்னார்.

'பழசு, தேஞ்சுபோச்சு'னு தள்ளிவிடறதுக்கு முன்னாடி, நாம அதை எங்கே வெச்சிருக்கோம்னு ஒரு தடவை பாருங்க ஃப்ரெண்ட்ஸ். வர்ட்டா!