தூரத்தில் வாங்கிய வண்டி. வாரண்டி யார் பொறுப்பு?

விக்ரோலி பார்க் சைட்டிலும் கண்ணம்வார் நகரிலும் "டி.என்." எண் பலகையுடன் மோட்டார் சைக்கிள் நிற்பது புதிய காட்சி அல்ல.

பொங்கலுக்கோ கோவில் கொடைக்கோ ஊருக்குப் போகிறவர், கையில் சேர்ந்த பணத்தைப் போட்டு அங்கேயே வண்டி எடுத்து விடுகிறார். தெரிந்த கடை, தெரிந்த ஆள். பில்லை அப்பா பெயரில் போட்டுக் கொள்ளலாம். சில மாதம் ஊரில் ஓடிய பிறகு, பெட்ரோலை வடித்து, சாக்குச் சுற்றி, ரயில் பார்சலில் வண்டி மும்பைக்கு வந்து சேர்கிறது.

வாரண்டி முடிய இன்னும் பல மாதம் இருக்கும்போது என்ஜினில் சத்தம் கேட்கிறது. அதே கம்பெனியின் பெயர்ப்பலகை மாட்டிய சர்வீஸ் நிலையம் அருகிலேயே இருக்கிறது. அங்கே போனால், "ஜஹான் ஸே லியா, வஹீன் ஜாவ்" என்று பதில் வருகிறது. வாங்கிய இடத்துக்கே போ என்கிறார்கள்.

திருநெல்வேலிக்குப் போய்வர மூன்று, நான்கு நாள் சம்பளம் போகும். ரயில் கட்டணம் தனி. வண்டியை மீண்டும் பார்சலில் ஏற்றும் செலவு தனி. பழுது பார்க்கும் கூலியைவிட இந்தச் செலவு அதிகம். ஆகவே பலர் தெருமுனை மெக்கானிக்கிடம் கொடுத்து, கைக்காசைப் போட்டுச் சரி செய்து கொள்கிறார்கள். வாரண்டி அட்டை டிரங்குப் பெட்டியில் தூங்குகிறது.

சர்வீஸ் நிலையம் சொல்வது சரியா? பெரும்பாலும் சரியல்ல. ஆனால் முழுக்கத் தவறும் அல்ல. வேறுபாடு எங்கே என்று தெரிந்தால், எதைக் கேட்பது, யாரிடம் கேட்பது என்பதும் தெரிந்துவிடும்.

ஒரே உறையில் இரண்டு வாக்குறுதி

புது வண்டியோடு இரண்டு வாக்குறுதிகள் வருகின்றன. இரண்டும் ஒரே உறைக்குள் இருப்பதால், வாங்குபவர் அவற்றை ஒன்று என்றே எண்ணிவிடுகிறார்.

முதலாவது, வண்டியைச் செய்த கம்பெனி தரும் வாக்குறுதி. இத்தனை ஆண்டு அல்லது இத்தனை கிலோமீட்டர், இவற்றில் எது முந்துகிறதோ அதுவரை, தயாரிப்பில் குறை இருந்தால் கம்பெனி தன் செலவில் சரி செய்து தரும். இது பொதுவாக நாடு முழுவதும் செல்லும். கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற எந்த சர்வீஸ் நிலையத்திலும் கேட்கலாம். வாரண்டி புத்தகத்திலேயே இது அச்சாகியிருக்கும்.

இரண்டாவது, விற்ற கடைக்காரர் தரும் வாக்குறுதி. "கம்பெனி கொடுப்பதற்கு மேல் இரண்டு சர்வீஸ் இலவசம்", "ஓராண்டு நம்ம கடை கியாரண்டி" என்று அவர் சொன்னது அவரை மட்டுமே கட்டுப்படுத்தும். விக்ரோலியில் இருப்பவர் அதற்குப் பொறுப்பாக மாட்டார்.

பேட்டரிக்கும் டயருக்கும் பெரும்பாலும் அவற்றைச் செய்த கம்பெனிகளே தனியாக வாரண்டி தருகின்றன. பிரேக் கட்டை, கிளட்ச் தட்டு போன்ற தேய்மானச் சாமான்கள் வாரண்டிக்குள் வருவது அரிது. இலவச சர்வீஸ் என்றாலும் ஆயிலுக்குக் காசு உண்டு.

ஆக, கம்பெனியின் வாக்கு வண்டியோடு பயணம் செய்கிறது. கடைக்காரரின் வாக்கு கடையிலேயே தங்கிவிடுகிறது.

மறுப்பதற்கு என்ன காரணம்?

அப்படியானால் விக்ரோலிக்காரர் ஏன் தட்டிக் கழிக்கிறார்? இதில் ஒரு கணக்கு இருக்கிறது.

வண்டி விற்ற லாபம் ஊர்க் கடைக்குப் போய்விட்டது. வாரண்டி வேலைக்கு வாடிக்கையாளரிடம் கூலி வாங்க முடியாது. கம்பெனிக்குக் கணக்கு எழுதி அனுப்பி, அது தரும் விகிதப்படிதான் பெற வேண்டும். அதே நேரத்தில் காசு கொடுக்கும் வண்டி இன்னொன்று வாசலில் நிற்கிறது. எந்த வண்டி முதலில் உள்ளே போகும் என்று சொல்லத் தேவையில்லை.

இது இந்தியாவில் மட்டும் உள்ள நோய் அல்ல. அமெரிக்காவில் "ஆர்.வி." என்று ஒரு வண்டி உண்டு. படுக்கை, அடுப்பு, குளிர்பெட்டி எல்லாம் உள்ள, சக்கரம் வைத்த வீடு அது. விலை குறைவு என்று தொலைதூர ஊரில் அதை வாங்கி வந்தவர்கள், வீட்டுக்கு அருகில் உள்ள டீலரிடம் வாரண்டி வேலைக்குப் போனால் வரிசையின் கடைசியில் நிற்க நேர்கிறது. தன்னிடம் வாங்கியவருக்கே முதலிடம் என்பது அங்கேயும் டீலர்களின் வழக்கம். வாரண்டிக்கென்று 1975-ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் போட்ட நாட்டின் நிலை இது.

முன்பு சட்டமும் தூரத்தில் இருந்தது

இந்தியாவில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 1986-ஆம் ஆண்டு வந்தது. நல்ல சட்டம்தான். ஆனால் வெளியூரில் பிழைப்பவருக்கு அதில் ஒரு முடிச்சு இருந்தது. எதிர்த்தரப்பு தொழில் நடத்தும் இடத்தில் அல்லது வழக்குக்கான காரணம் எழுந்த இடத்தில்தான் மனுப் போட முடியும். வாங்கியவர் குடியிருக்கும் ஊர் கணக்கில் வராது.

கம்பெனிக்குக் கிளை உள்ள எந்த ஊரிலும் வழக்குப் போடலாமே என்று சிலர் முயன்றார்கள். 2009-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அந்தக் கதவையும் அடைத்தது. அம்பாலாவில் நடந்த தீ விபத்துக்கு, காப்பீட்டு நிறுவனத்தின் கிளை இருக்கிறது என்பதற்காகச் சண்டிகரில் வழக்குப் போட்டது செல்லாது என்று தீர்ப்பாயிற்று. கிளை இருந்தால் மட்டும் போதாது, வழக்குக்கான காரணத்துக்கும் அந்த இடத்துக்கும் தொடர்பு வேண்டும் என்றது நீதிமன்றம்.

இதன் பலன், தூரம் விற்பவருக்குக் கவசமாக இருந்தது. ஊர்க் கடைக்காரர் மீது வழக்குப் போட நினைத்த மும்பைத் தொழிலாளி, வாய்தாவுக்கு வாய்தா ரயில் ஏற வேண்டியிருந்தது.

2020-இல் வந்த மாற்றம்

புதிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இல் நிறைவேறி, 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 34-ஆவது பிரிவு ஒரு புது உரிமையைத் தந்தது. மனுதாரர் குடியிருக்கும் இடத்தில், அல்லது அவர் வேலை பார்க்கும் இடத்தில், மாவட்ட ஆணையத்தில் மனுப் போடலாம்.

விக்ரோலியில் குடியிருப்பவர் மும்பை புறநகர் மாவட்ட ஆணையத்தையே நாடலாம். இனி ரயில் ஏற வேண்டியவர் எதிர்த்தரப்புக்காரர்.

பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணமே இல்லை. 50 லட்சம் வரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். வக்கீல் வைத்தே தீர வேண்டும் என்பதும் இல்லை. 2025 ஜனவரியில் தொடங்கிய "இ-ஜாக்ரிதி" வழியாகக் கணினியிலேயே மனுவைப் பதியலாம். காணொளி மூலம் விசாரிக்கக் கோரவும் சட்டத்தில் இடம் உண்டு.

பில் அப்பா பெயரில் இருக்கிறதே என்ற கவலைக்கும் சட்டத்தில் பதில் இருக்கிறது. வாங்கியவரின் சம்மதத்தோடு பொருளைப் பயன்படுத்துபவரும் நுகர்வோரே. சொந்த உழைப்பில் வயிறு வளர்க்க ஆட்டோவோ டெம்போவோ வாங்கி ஓட்டுபவரும் நுகர்வோரே. வியாபாரத்துக்கு வாங்கிய வண்டி என்று சொல்லி அவரைத் தள்ளிவிட முடியாது.

யாரை எதிர்த்து?

கடைக்காரரையா, கம்பெனியையா? இரண்டு தீர்ப்புகள் இதற்கு வழிகாட்டுகின்றன.

குர்லாவில் கார் செய்து வந்த பிரிமியர் ஆட்டோமொபைல்ஸ் கம்பெனியை விக்ரோலியில் பழைய ஆட்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதன் டீசல் கார் ஒன்றில் இருந்த குறைகள் பற்றிய வழக்கில் 2004-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. குறையுள்ள காரைப் புதுக் கார் என்று விற்றுவிட்டு, குறையைச் சரி செய்யாமல் வழக்காடியது வெட்கக்கேடு என்று கண்டித்த நீதிமன்றம், கம்பெனி, டீலர் இருவரையுமே பொறுப்பாக்கியது.

2021-ஆம் ஆண்டுத் தீர்ப்பு வேறு வகை. கோவாவில் 2009-இல் தயாரான காரை 2011-இல் புதிது என்று விற்ற வழக்கு அது. டீலர் செய்த அந்தத் தவறு கம்பெனிக்குத் தெரியும் என்று நிரூபிக்கப்படாததால், டாடா மோட்டார்ஸ் கம்பெனி பொறுப்பாகாது என்று உச்ச நீதிமன்றம் விடுவித்தது. டீலர் பொறுப்பிலிருந்து தப்பவில்லை.

தயாரிப்புக் குறைக்குக் கம்பெனி பதில் சொல்ல வேண்டும். விற்பனையில் நடந்த ஏமாற்றுக்குக் கடைக்காரர் பதில் சொல்ல வேண்டும். எது எது என்று வாங்கியவருக்குத் தொடக்கத்தில் தெரியாது. ஆகவே மனுவில் இருவரையும் சேர்ப்பதே புத்திசாலித்தனம்.

காகிதமே கை கொடுக்கும்

புதுச் சட்டம் வந்ததும் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது. சோதனை தேவையில்லாத வழக்கை மூன்று மாதத்திலும், சோதனை தேவைப்படுவதை ஐந்து மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் வழக்குகள் அதற்கு மேல் இழுக்கின்றன. ஆணையங்களில் இடங்கள் காலியாகக் கிடப்பதை 2021-இல் உச்ச நீதிமன்றமே தானாக முன்வந்து கையில் எடுக்க வேண்டியிருந்தது.

எனவே ஆணையம் கடைசிப் படி. அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. தமிழிலும் பேசலாம். அங்கே புகார் பதிவானால் அது கம்பெனிக்குப் போகிறது. சர்வீஸ் நிலையத்து மேஜையில் "முடியாது" என்றவரைக் கம்பெனியின் தலைமை அலுவலகமே கேள்வி கேட்கும் நிலை வரலாம்.

எந்தப் படிக்குப் போனாலும் கையில் காகிதம் வேண்டும். ஜி.எஸ்.டி. பில்லும் வாரண்டி புத்தகமும் வண்டியோடு மும்பைக்கு வர வேண்டும். ஊரில் பீரோவில் இருந்தால் பயனில்லை. இலவச சர்வீஸ்களைக் குறித்த நாளுக்குள், குறித்த கிலோமீட்டருக்குள் முடித்திருக்க வேண்டும். ஒன்றைத் தவறவிட்டாலும் கம்பெனிக்கு அது சாக்காகிவிடும். வெளி மெக்கானிக் என்ஜினைப் பிரித்துவிட்டால் வழக்கு பாதி தோற்றது போலத்தான்.

ஒவ்வொரு முறை வண்டியை விடும்போதும் ஜாப் கார்டில் குறையைத் தெளிவாக எழுதச் சொல்லி, ஒரு பிரதி வாங்க வேண்டும். ஓட்டிப் பார்க்காமல் "திருப்தி" என்று கையெழுத்துப் போடக் கூடாது. வாய்மொழியாக மறுத்தால், அன்றே கம்பெனிக்கு மின்னஞ்சலோ பதிவுத் தபாலோ அனுப்ப வேண்டும். வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனுப் போட வேண்டும் என்பது கெடு.

வெளிமாநில எண் பலகையைக் காட்டி வாரண்டியை மறுப்பதும் செல்லாது. வாரண்டி சேஸிஸ் எண்ணுக்கு உரியது. ஆனால் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வண்டி மகாராஷ்டிரத்தில் ஓடினால், மோட்டார் வாகனச் சட்டப்படி இங்கே புதுப் பதிவு எண் வாங்க வேண்டும். அதற்கு ஊர் ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் தடையில்லாச் சான்று தேவை.

இந்தச் சட்டம் எதிர்த் திசையிலும் உதவும். மகன் மும்பையில் வாங்கி அனுப்பிய குளிர்பெட்டி நாங்குநேரியில் ஓடாமல் நின்றால், அதைப் பயன்படுத்தும் தாயார் திருநெல்வேலி மாவட்ட ஆணையத்திலேயே மனுப் போடலாம். மகன் லீவு போட்டு ஓட வேண்டியதில்லை.

"வாங்கிய இடத்துக்கே போ" என்பது கடைக்காரர்களுக்கு வசதியான பதில். 2020 ஜூலைக்குப் பிறகு அது சட்டத்தின் பதில் அல்ல. அடுத்த முறை அந்தப் பதில் வந்தால், "இதையே ஜாப் கார்டில் எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டால் போதும். எழுதிக் கொடுக்க முன்வருபவர்கள் குறைவு.