பூஜ்யம் உள்ளே போகலாமா?



ஓசூரை அடுத்த எங்கள் மூக்கண்டப்பள்ளியில் சிப்காட் தொழிற்பேட்டை இருக்கிறது. ஷிப்டுக்குப் போகிறவர்கள் கம்பெனி வாசலில் அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். அட்டை இல்லாவிட்டால் காவலாளி உள்ளே விடமாட்டார். வெளியே வரும் லாரியையும் அவர் சும்மா அனுப்பமாட்டார். கணக்குக்கும் இப்படி ஒரு காவலாளி வேண்டும் என்பது என் கருத்து.

பத்தாம் வகுப்பில் ‘சார்பு’ என்று ஒரு பாடம் வரும். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். சார்பு ஓர் இயந்திரம் மாதிரி. ஓர் எண்ணைப் போட்டால் ஒரே ஒரு விடையைத் தரும். உள்ளே போடத் தகுந்த எண்களின் கூட்டம் மதிப்பகம். வெளியே வரும் விடைகளின் கூட்டம் வீச்சகம். அவ்வளவுதான்!

10-ஐ வகுக்கும் இயந்திரம் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 2-ஐப் போட்டால் 5 வரும். 5-ஐப் போட்டால் 2 வரும். பூஜ்யத்தைப் போட்டால்?

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மாணவி இதைத்தான் கேட்டாள். “பூஜ்யத்தால் வகுக்கக் கூடாது, அவ்வளவுதான். உட்கார்!” என்று அதட்டினேன். அதன்பின் அவள் என்னிடம் சந்தேகமே கேட்கவில்லை. அது இன்றும் என் மனதை உறுத்துகிறது.

அன்று சொல்லாத பதிலை இன்று சொல்கிறேன். 10-ஐ 2-ஆல் வகுத்தால் 5. ஏன்? 5-ஐ 2-ஆல் பெருக்கினால் 10 கிடைக்கிறது. பூஜ்யத்தால் எதைப் பெருக்கினால் 10 கிடைக்கும்? எதைப் பெருக்கினாலும் பூஜ்யம்தானே! எனவே விடையே இல்லை. இந்த இயந்திரத்தின் மதிப்பகத்தில் பூஜ்யத்துக்கு இடமில்லை. 10-ஐ எந்த எண்ணால் வகுத்தாலும் பூஜ்யம் விடையாக வராது என்பதால், வீச்சகத்திலும் அதற்கு இடமில்லை.

கும்பகோணத்தில் படித்த சிறுவன் ராமானுஜனைப் பற்றி ஒரு சம்பவம் சொல்வார்கள். எந்த எண்ணையும் அதே எண்ணால் வகுத்தால் 1 வரும் என்று ஆசிரியர் சொன்னபோது, பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்தாலும் 1 வருமா என்று கேட்டானாம். எவ்வளவு நல்ல கேள்வி! பூஜ்யத்தை எந்த எண்ணால் பெருக்கினாலும் பூஜ்யமே வருவதால், 1-ம் பொருந்தும், 7-ம் பொருந்தும், 100-ம் பொருந்தும். ஒரே விடை என்ற விதி உடைந்துவிடுகிறது. கி.பி. 628-ல் நூல் எழுதிய மேதை பிரம்மகுப்தர்கூட இதற்குப் பூஜ்யமே விடை என்று எழுதினார். பெரியவர்களே தடுமாறிய இடம் இது. அதனால் கேட்பதற்கு நீங்கள் வெட்கப்பட வேண்டியதில்லை.

காவலாளி இல்லாவிட்டால் என்ன ஆகும்? 1997-ம் ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவின் ‘யார்க்டவுன்’ போர்க்கப்பலில், கம்ப்யூட்டரில் ஒருவர் பூஜ்யத்தைப் பதிவு செய்தார். கம்ப்யூட்டர் அந்தப் பூஜ்யத்தால் வகுக்கப் பார்த்தது. கப்பலைச் செலுத்தும் அமைப்பே செயலிழந்து, இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகக் கடலில் அசையாமல் நின்றது கப்பல்! உள்ளே வரும் எண் சரியானதா என்று வாசலிலேயே சோதித்திருந்தால் இது நேர்ந்திருக்காது.

வெளியே வரும் விடையையும் சோதிக்க வேண்டும். 130 மாணவர்கள் சுற்றுலா போகிறார்கள். ஒரு பஸ்சில் 50 பேர் உட்காரலாம். எத்தனை பஸ் வேண்டும்? 2.6 என்று எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போகிறவர்கள் உண்டு. 0.6 பஸ் எந்த ஊரில் ஓடுகிறது? முழு எண்தான் விடையாக வர முடியும் என்று ஒரு நொடி யோசித்தால் 3 என்று எழுதுவீர்கள்.

சூத்திரத்தை மனப்பாடம் செய்தால் மார்க் கிடைக்கலாம். ஆனால், ‘எது உள்ளே போகலாம், எது வெளியே வரலாம்’ என்று கேட்கிறவருக்குத்தான் கணக்கு புரியும். கணக்குப் போடும் முன் ஒரு முறை, போட்ட பின் ஒரு முறை இதைக் கேட்டுப் பாருங்கள். ஆசிரியர் அதட்டினாலும் கேட்பதை நிறுத்தாதீர்கள். ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை: என்னைப் போல் அதட்டாதீர்கள்.

சரி, கடைசியாக ஒரு கேள்வி. ஓர் எண்ணை அதே எண்ணால் பெருக்கும் இயந்திரம் இருக்கிறது. அதில் எந்த எண்ணை வேண்டுமானாலும் போடலாம். அதிலிருந்து −9 வெளியே வருமா? காவலாளியாக நின்று யோசியுங்கள், பார்ப்போம்!