இல்லக் கணக்கு: சமையலறையைப் புதுப்பிக்குமுன்

சமையலறையை இடித்துப் புதுப்பித்துக்கொள்ளும் ஆசை தில்லித் தமிழ்க் குடும்பங்களில் பரவலாகக் காணப்படுகிறது. அதில் வியப்பொன்றுமில்லை. டி.டி.ஏ. கட்டிக் கொடுத்த அடுக்கு வீடுகள் பல, முப்பது நாற்பது ஆண்டுகளைக் கண்டுவிட்டன. அவற்றின் சமையலறைகளோ இருவர் உள்ளே நின்றால் மூன்றாமவர் வாசலில் காத்திருக்க வேண்டிய அளவின. சுவருக்குள் இரும்புக் குழாய்கள் துருவேறிக் கிடக்கின்றன. உலகில் ஒரு விளக்கும் ஒரு மிக்ஸியும் தவிர வேறு மின்சாதனமே இல்லை என்று எண்ணிப் போட்டவை போலும் அங்குள்ள மின்கம்பிகள்! ஆகவே, நம் பகுதிக்கு அண்மையில் வந்த கடிதமொன்றை முன்னிட்டு இவ்விஷயத்தைச் சிறிது ஆராயலாமென்று கருதினோம்.

கடிதம் எழுதியவர் மயூர் விஹாரில் வாழும் ஒரு சகோதரி. கணவர் மத்திய அரசு ஊழியர். ஓய்வு பெற இன்னும் நான்கு ஆண்டுகள் உள்ளன. அதன்பின் கும்பகோணத்துக்கே திரும்பிவிடுவதாக உத்தேசம். வீடு சொந்த வீடு. சமையலறை எட்டடிக்கு ஏழடி. ஒப்பந்தம் எடுக்க வந்த நிறுவனம் ரூ. 2,85,000 என்று மதிப்பிட்டுக் கொடுத்திருக்கிறது. கையில் இருப்பது ரூ. 1,50,000. மீதியை வங்கியில் கடனாகப் பெறலாமா என்று கேட்கிறார். "இருபத்திரண்டு ஆண்டுகள் இந்த அறையில் நின்றே கழித்துவிட்டேன், கடைசி நான்கு ஆண்டுகளாவது வசதியாக நிற்க வேண்டாமா?" என்று அவர் எழுதியிருப்பதைப் படித்தபின், 'எதற்கு வீண் செலவு' என்று சொல்லிவிட நமக்கு மனம் வரவில்லை.

முதலில் கணக்கைப் பார்ப்போம். அவர் அனுப்பியுள்ள மதிப்பீட்டின் கடைசி வரியில், வரி தனி என்று சிறிய எழுத்தில் காண்கிறது. பதிவு பெற்ற நிறுவனமாகையால் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்தாக வேண்டும். அது மட்டும் ரூ. 51,300. எனவே, மொத்தம் ரூ. 3,36,300, கடன் வாங்க வேண்டியது ரூ. 1,86,300. ஆண்டுக்கு 12 சதவீத வட்டியில் மூன்று ஆண்டுத் தவணையென்று கொண்டால், மாதந்தோறும் ஏறக்குறைய ரூ. 6,190 கட்ட வேண்டியிருக்கும். வட்டியாக மட்டும் முப்பத்தாறாயிரத்துக்கு மேல் போகும். எல்லாவற்றையும் கூட்டி, அவர்கள் இங்கே இருக்கப்போகும் நாற்பத்தெட்டு மாதங்களுக்குப் பகிர்ந்தால், அந்தச் சமையலறைக்கு மாத வாடகை ரூ. 7,700-க்கு மேலாகிறது. இதே குடும்பம் இன்னும் பன்னிரண்டு ஆண்டுகள் தில்லியில் இருக்குமாயின் அதே செலவு மாதத்துக்கு ரூ. 2,600-க்குள் அடங்கிவிடும். ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நாம், செலவு எவ்வளவு என்று கேட்குமுன் எத்தனை ஆண்டுகளுக்கு என்று கேட்பது அவசியம். இங்கேயே நிலையாக இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வி எழுவதில்லை, நமக்கு எழுகிறது.

'வீட்டை விற்கும்போது நல்ல விலை கிடைக்காதா?' என்று சிலர் கேட்பர். வீடு வாங்குபவர் முதலில் செய்வது, முன்னிருந்தவர் ஆசையாக மாட்டிய கதவுகளைக் கழற்றி எறிந்துவிட்டுத் தம் விருப்பப்படி வேறு மாட்டுவதே. கசியாத குழாயையும் புதிய மின்கம்பியையும் ஒருவரும் பிடுங்கி எறிவதில்லை.

இனி அந்த மதிப்பீட்டின் உட்பிரிவுகளைக் காண்க. அலமாரிப் பெட்டிகளுக்கும் கதவுகளுக்கும் ரூ. 1,75,000, மேடைக் கல்லுக்கும் டைல்ஸுக்கும் ரூ. 60,000; சிம்னிக்கு ரூ. 20,000, குழாய், மின்சாரம் இரண்டுக்கும் சேர்த்து ரூ. 30,000. நீர்க்கசிவைத் தடுக்கும் வேலைக்கு ஒரு காசும் இல்லை. இடித்த கட்டுமானக் குப்பையை, அதாவது இங்குள்ளோர் 'மல்பா' என்று சொல்வதை, கீழே இறக்கி வண்டியில் ஏற்றி அனுப்புவதற்கும் இல்லை. மூன்றாவது மாடி வீட்டில் அது தானாகவே இறங்கிப் போய்விடும் என்று நிறுவனத்தார் எண்ணினர் போலும்.

கண்ணுக்குத் தெரிவதற்கெல்லாம் தாராளமாகவும், சுவருக்குள் மறைவதற்குக் கஞ்சத்தனமாகவும் பணம் ஒதுக்கும் இவ்வழக்கத்தை நாம் பல வீடுகளில் கண்டிருக்கிறோம். இது தலைகீழான முறை. அலமாரிக் கதவு பிடிக்கவில்லையென்றால் ஐந்தாண்டு கழித்து ஒரே நாளில் மாற்றலாம். டைல்ஸுக்குப் பின்னால் இருக்கும் குழாய் ஒழுகினால் டைல்ஸ், மேடை, அலமாரி அனைத்தையும் உடைத்துத்தான் அதை அணுக வேண்டும். அதற்குள் கீழ்வீட்டாரின் கூரையில் ஈரம் படர்ந்து, அவர்களோடு இருபது ஆண்டுகளாக இருந்த நட்பும் கெட்டிருக்கும். ஆகவே, தரையிலும் தொட்டியைச் சுற்றியும் நீர்த்தடுப்புப் பூச்சு பூசிய பிறகு, போக்குக் குழாயை அடைத்து, இருபத்து நான்கு மணி நேரம் தண்ணீரைத் தேக்கிவைத்து, கீழ்வீட்டாரையே கூப்பிட்டுப் பார்க்கச் சொல்வது நலம். அதன்பின்னரே டைல்ஸ் ஒட்ட அனுமதிக்க வேண்டும்.

மின்சாரத்துக்கும் இதே நியாயம் பொருந்தும். இண்டக்ஷன் அடுப்பு 2,000 வாட். 230 வோல்ட்டில் அது ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். பாத்திரம் தேய்க்க வெந்நீர் தரும் சிறு கீசர் 3,000 வாட்; அதற்கு 13 ஆம்பியர். இரண்டையும் 16 ஆம்பியருக்கான ஒரே கம்பியில் மாட்டினால் என்ன ஆகும் என்பதைக் கூட்டல் தெரிந்த குழந்தையும் சொல்லிவிடும். எனவே பெரிய சாதனம் ஒவ்வொன்றுக்கும் 4 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியில் தனித்தனி இணைப்பும், அதிர்ச்சியிலிருந்து காக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றும் அமைத்தல் வேண்டும். நேரம் உள்ளவர்கள் சாந்தினி சௌக்கை அடுத்த பகீரத் பேலஸுக்கே சென்று கம்பியையும் சுவிட்சுகளையும் வாங்கி வரலாம். சுவரை உடைத்திருக்கும்போதே வெந்நீருக்கென ஒரு குழாயையும் பதித்துவிடுக. தெற்கிலிருந்து வந்து எத்தனை ஆண்டுகளானாலும், வரைபடம் போடும் சமயத்தில் நாம் ஜனவரி மாதத்தை மறந்துவிடுகிறோம். ஜனவரியில் தொட்டியில் கை வைக்கும்போதுதான் நினைவு வருகிறது.

ஒப்பந்தக்காரரிடம் எழுத்தில் கேட்டுப் பெற வேண்டியவை வேறு சில உண்டு. விலை, நீள அடிக்கா சதுர அடிக்கா என்பது முதலாவது. மேல்பரணும் இழுப்பறைச் சானல்களும் கீல்களும் கைப்பிடிகளும் அதில் அடங்குமா, கல்லின் விளிம்பை மெருகிடுவதற்கும் தொட்டிக்காக வெட்டுவதற்கும் தனிக்கூலியா என்பவை அடுத்தவை. பிளைவுட்டைப் பொறுத்தவரை 'நல்ல சரக்கு' என்ற வாய்மொழியை ஏற்றல் கூடாது. ஐ.எஸ். 303 முத்திரையுள்ள எம்.ஆர். வகை, ஈரக்காற்றை மட்டுமே தாங்கும். கடையில் 'கமர்ஷியல்' என்று விற்பது பெரும்பாலும் இதுதான். அதே முத்திரையில் பி.டபிள்யூ.ஆர். வகை இன்னும் உறுதியானது. தொட்டிக்கு அடியில் மட்டுமாவது ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட்டை இடச் செய்க. அறை முழுவதும் அதையே போட வேண்டுமென்பது விற்பவரின் அபிப்பிராயம், நம்முடையதன்று.

பணத்தினும் முக்கியமானதொன்று உள்ளது. இங்குள்ள டேக்கேதார் தம் தொழிலில் கெட்டிக்காரராக இருக்கலாம். ஆனால், அவருக்கு மாவு என்றால் கோதுமை மாவு. அரிசியும் உளுந்தும் அரைக்கும் கிரைண்டர் என்றொரு பொருள் நம் வீட்டில் உண்டென்பதை நாம் சொன்னாலன்றி அவர் அறியார். பத்துப் பன்னிரண்டு கிலோ எடையுள்ள அதை அலமாரிக்குள் வைத்துவிட்டு ஒவ்வொரு முறையும் தூக்கி எடுக்கச் செய்வது, அறுபதை நெருங்கும் ஒரு பெண்மணியின் இடுப்புக்குச் செய்யும் அநீதி. மேடையில் அதற்கு நிலையான இடமும் பக்கத்திலேயே பிளக்கும் வேண்டும். இட்லிப் பாத்திரம் நுழையும் உயரத்துக்கு ஒரு தட்டு, இருபத்தைந்து கிலோ அரிசி கொள்ளும் டின்னுக்குத் தரைமட்டத்தில் ஓர் இடம், இவற்றையும் வரைபடத்திலேயே காட்டுக. மேடையின் கல், கீழேயுள்ள கதவுகளைவிட ஓர் அங்குலமாவது முன்னே நீண்டிருக்கச் செய்தல் வேண்டும். இல்லையேல் திருகி மாட்டும் தேங்காய்த் துருவியை மாட்ட விளிம்பு கிடைக்காது. இவற்றுக்குக் கூடுதல் செலவு அநேகமாக இல்லை. மேடையின் உயரம் 34 முதல் 36 அங்குலம் வரை என்பது வழக்கம். அதை வழக்கத்திற்கு விட்டுவிடாமல், சமைப்பவரை நிற்கவைத்து, அவர் முழங்கைக்குச் சற்றுக் கீழே அமையுமாறு அளந்துகொள்வதே முறை. வீட்டுத் தலைவரை நிற்கவைத்து அளந்த சமையலறையும் தில்லியில் உண்டு!

சகோதரிக்கு நாம் கூறும் யோசனை இது. கடன் வேண்டா. கையிலுள்ள ரூ. 1,50,000-க்குள் வேலையை முடிக்கலாம். குழாய், மின்சாரம், நீர்த்தடுப்பு மூன்றுக்கும் முதலில் ரூ. 50,000 ஒதுக்குக. கல்லுக்கும் டைல்ஸுக்கும் இன்னொரு ஐம்பதாயிரம். நம் கிருஷ்ணகிரி வட்டாரத்திலும் வெட்டப்படும் கருநிறக் கிரானைட்டே போதுமானது, இத்தாலிய சலவைக்கல் புளிக்குழம்புக்கு ஆகாது. பழைய கல் தட்டுகள் உறுதியாக இருப்பதாக அவரே எழுதியுள்ளார். ஆகவே, அவற்றை இருத்திக்கொண்டு கீழ்ப்பகுதிக்கு மட்டும் கதவுகளும் இரண்டு இழுப்பறைகளும் செய்ய ரூ. 30,000. சிம்னிக்குப் பதில் நல்ல காற்றுப்போக்கி விசிறி ஒன்று; நம் சமையலில் எழுவது பெரும்பாலும் ஆவியே. மீதி இருபதாயிரத்தை எதற்கென்றும் பெயரிடாமல் வைத்திருத்தல் வேண்டும். சுவரை உடைத்த மறுநாளே அதற்குப் பெயர் கிடைத்துவிடும். வட்டார விலைக்கேற்ப இத்தொகைகள் சற்றே மாறலாம். ஒதுக்கும் வரிசையை மாற்ற வேண்டா.

கிரைண்டர், கீசர், விசிறி ஆகியவற்றுக்கு எவ்வளவு கொடுத்தாலும் அது கும்பகோணத்துக்கு லாரியில் வரக்கூடிய பணம் என்பதையும் நினைவிற்கொள்க. வாடகை வீட்டிலும் அரசுக் குடியிருப்பிலும் உள்ளவர்கள் இத்தகைய பொருள்களோடு நிறுத்திக்கொள்வதே சரி. பிறர் சுவருக்குப் பணம் போடுவது நமக்கு உடன்பாடன்று.

வேலையை எப்போது தொடங்குவது என்பதும் செலவுக் கணக்கைச் சேர்ந்ததே. காற்றின் தரக் குறியீடு 400-ஐத் தாண்டி, தலைநகர் வட்டாரக் காற்றுத் தர ஆணையம் தன் திட்டத்தின் மூன்றாம் படியை அறிவித்தால், இடிப்பதும் டைல்ஸ் வெட்டி ஒட்டுவதும் நீர்த்தடுப்பு வேலையும் தடைப்படும்; குழாய், மின்சாரம், தச்சு வேலைகளுக்கு மட்டும் தடையில்லை. நவம்பரில் சுவரை இடித்துவிட்டு, அறிவிப்பு நீங்கும்வரை இரண்டு வேளையும் வெளியில் வாங்கி உண்ட குடும்பங்களை அறிவோம். நால்வருக்கு மூன்று வாரச் சாப்பாட்டுச் செலவு ஒரு விசிறியின் விலையை எளிதில் விழுங்கிவிடும். தீபாவளிக்கும் சட் பூஜைக்கும் பிகாரைச் சேர்ந்த மேஸ்திரிகள் ஊருக்குச் செல்வதும் அதே பருவத்தில்தான். பிப்ரவரி நடுவில் தொடங்குவது உத்தமம். அப்போதும் ஹோலி குறுக்கிடும். தச்சர் ஒரு வாரம் என்று சொல்லிச் செல்வார், பத்து நாளாகவே கணக்கிட்டுக்கொள்க. அதுவரை பால்கனியில் ஓர் இண்டக்ஷன் அடுப்பும் ஒரு வாளித் தண்ணீரும் இருந்தால் ரசமும் சாதமும் தடையின்றி நடக்கும்.